தடுமாற்றக் கடிகாரம்

அத்தியாயம் 6

தனசேகருக்கு அன்பரசை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் பத்துக் காரணம் சொல்வான். சட்டை கசங்கவே இல்லை, அது ஒன்று. இந்த வேசகாலத்து வெயிலில் மல்லசமுத்திரத்தில் எவன் சட்டையாவது கசங்காமல் இருக்குமா? தாடியை ஓரம் கட்டி வெட்டியிருந்தான், அது இன்னொன்று. உண்மையான காரணத்தை மட்டும் சொல்ல மாட்டான். அன்பரசு ஒரு ஜோக் சொன்னான், அதற்குக் கோகிலவாணி சிரித்துவிட்டாள்.

கோகிலவாணி சிரிப்பது லேசில் நடக்கிற காரியம் இல்லை. நாமக்கல்லில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக லாரி விபத்துகளை விசாரித்துக் கொண்டிருந்தவள், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்ட நாள் முதல் தனசேகர்தான் அவளுக்கு உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருபவன் எல்லாம். அன்றிலிருந்து இன்றுவரை அவன் வாயைத் திறந்தால் ஜோக்தான். டீக்கடை சிரிக்கும், கோர்ட் வாசல் சிரிக்கும், போஸ்ட்மார்ட்டம் அறை வாசலில்கூட ஆள் சிரித்திருக்கிறார்கள். அவள் மட்டும் "சரி, மேல சொல்லுங்க தனசேகரு" என்பாள். இப்போது நேற்று முளைத்த ஒருவன், "இந்த மியூசியத்துல பைத்தியம் மட்டும்தான் மேடம் ஒரிஜினல்" என்கிறான். அதற்குச் சிரிக்கிறாள். தனசேகருக்கு வயிறு எரிந்தது.

எரிச்சலை ஓரமாக வைத்துவிட்டு வழக்குக்கு வருவோம்.

மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில் ஒரு பழைய பஞ்சுக் குடோன். அதைத்தான் ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் நாச்சிமுத்து மனவியல் அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார். முன்னால் காட்சிக்கூடம், பின்னால் ஆவணக் காப்பகம். மண்டையின் மேடு பள்ளத்தை வைத்துக் குணம் சொல்லக் கோடு போட்ட பீங்கான் தலை, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரைய வேண்டிய பெட்டி, மைக்கறையில் என்ன தெரிகிறது என்று கேட்கும் அட்டைகள், ஒரு காலத்தில் மனநோயாளியைக் கட்டி வைத்த சங்கிலி என்று மனுஷ மனதைப் பிடிக்க மனுஷன் செய்த ஆயுதமெல்லாம் அங்கே இருந்தன. ஊர்க்காரர்கள் 'மனசு மியூசியம்' என்றார்கள். குசும்பு பிடித்தவர்கள் வேறு பெயர் சொன்னார்கள், அது நமக்கு வேண்டாம்.

அத்தனைக்கும் ராஜா ஒரு பித்தளைக் கடிகாரம். நாற்காலியில் உங்களை உட்கார வைத்து ஒரு சொல் சொல்வார்கள். அதைக் கேட்டதும் மனதில் முதலில் வருகிற சொல்லை நீங்கள் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தடுமாறினீர்கள் என்று முள் காட்டிவிடும். காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் தேவிப்ரியாதான் அதற்குத் 'தடுமாற்றக் கடிகாரம்' என்று பெயர் வைத்தவள். ஜலகண்டாபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண், உளவியலில் எம்.எஸ்ஸி. அவள் "மாமியா" என்று சொல்லி, மருமகள்கள் முழிப்பதைப் பார்க்கவே ஆட்டையாம்பட்டியிலிருந்து வேன் வைத்து வந்தார்கள்.

மாரியம்மன் நோம்பிக்காக மியூசியத்தை மூடியிருந்த அன்று அந்தக் கடிகாரம் காணாமல் போயிற்று. கண்ணாடிப் பெட்டி உடையவில்லை, பூட்டைத் திறந்து எடுத்திருக்கிறார்கள். சாவி மூன்று பேரிடம்: நாச்சிமுத்து, காப்பாட்சியர் அன்பரசு, தேவிப்ரியா. நோம்பியன்று ஆண்கள் இருவரும் பேராசிரியர் வீட்டில் ஒன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். தேவிப்ரியா மட்டும் காப்பகத்தில் தனியாக வேலை பார்த்திருக்கிறாள், நாளைக் காலை வரப்போகிற பல்கலைக்கழகக் குழுவுக்காக. அதற்குள் கடிகாரம் கிடைக்காவிட்டால் அவளுக்கு வேலை போகும், போலீசிலும் புகார் போகும். ஊர் வாய் அவளை ஏற்கெனவே திருடி ஆக்கிவிட்டது. அவள்தான் கோகிலவாணியைக் கூப்பிட்டாள்.

முதலில் பேராசிரியரின் அறை. நாச்சிமுத்து மரியாதையாக எழுந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை.

"தாராளமா விசாரிங்க அம்மிணி. ஆனா அன்பரசு மேல மட்டும் சந்தேகப்பட்றாதீங்க. நோம்பியன்னைக்கு மத்தியானத்துலருந்து பொழுது சாயற வரைக்கும் எங்க ஊட்லதான் இருந்தாப்ல. நானும் அவரும் ஒருத்தர ஒருத்தர் உட்டு நகரவே இல்லீங்க."

"நான் இன்னும் அவரப் பத்திக் கேக்கவே இல்லீங்களே ஐயா" என்றாள் கோகிலவாணி.

"கேப்பீங்கன்னு சொன்னேனுங்க."

"அந்தக் கடிகாரம் என்ன பண்ணும்னு எனக்கு இன்னும் புடிபடலீங்க. நாலு சொல்லு சொல்றேன், மனசுல மொதல்ல வர்றதச் சொல்றீங்களா? வெளையாட்டுக்குத்தான்."

வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களைச் சோதித்தவர். தன்னைச் சோதிக்கிறேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "கேளுங்க கேளுங்க."

"கெணறு."

"தண்ணி."

"பள்ளிக்கூடம்."

"மணி."

"கூட்டம்."

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார், மேஜைமேல் இருந்த பீங்கான் தலையைக் கொஞ்சம் நகர்த்தினார். பிறகு சொன்னார். "செருப்பு."

வெளியே வந்ததும் தனசேகர் ஆரம்பித்தான். "கல்யாண ஊட்டுல செருப்பத் தொலச்சிருப்பாருங்க மேடம். படிச்சவரு, மறக்க முடியாம மனசுல வெச்சிருக்காரு."

"அன்பரசு எங்க இருக்காருன்னு பாருங்க" என்றாள் கோகிலவாணி. சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்று அவனும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

அன்பரசு காப்பகத்தில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அட்டைப்பெட்டிகளை அடுக்கிக் கொண்டிருந்தான். கும்பகோணத்துக்காரன், இந்தப் பக்கம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கோகிலவாணியைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றி நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டான். தனசேகருக்கு நாற்காலி இல்லை. அவன் அலமாரியில் சாய்ந்துகொண்டு, கும்பகோணத்தில் பாத்திரம் அதிகமா வேஷம் அதிகமா என்று யோசித்துக் கொண்டிருந்தான்.

"ஒரு சின்ன வெளையாட்டு" என்று இங்கேயும் தொடங்கினாள் கோகிலவாணி. "கெணறு."

"தண்ணீர்."

"புத்தகம்."

"வாசனை."

"ரசனைதான்" என்று அவள் புன்னகைத்தாள். தனசேகருக்கு அலமாரியையே தள்ளிவிடலாம் போல இருந்தது.

"நோம்பி."

"பட்டினி."

பட்டென்று வந்தது பதில். ஒரு துளித் தடுமாற்றம் இல்லை. கடிகாரம் இருந்திருந்தால் முள்ளே அசைந்திருக்காது. கோகிலவாணி அடுத்த சொல்லைக் கேட்காமல் மெதுவாகத் தலையாட்டினாள். "ரொம்பப் பசிச்சிருக்குமே அன்னைக்கு?"

"பின்ன? சார் வீட்ல அத்தனை பேரும் விரதம். பச்சைத் தண்ணி பல்லுல படலை மேடம். சாயங்காலம் பூஜை முடிஞ்சப்புறம்தான் ஆளுக்கு ஒரு டம்ளர் கஞ்சி குடிச்சோம்."

தனசேகர் அலமாரியிலிருந்து நிமிர்ந்தான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அவனுக்கு அது வாய்க்குள்ளேயே விழுந்துவிட்டது.

"ஏனுங்க சார், கறிக்கொழம்புல காரம் எப்படி?"

"கறியா? நோன்புல ஏதுங்க கறி?"

"நோன்பு உங்க ஊர்ல சார். எங்கூர்ல அது நோம்பி. நோம்பின்னா திருவிழா. பொங்கலும் நோம்பிதான், தீவாளியும் நோம்பிதான். மாரியம்மன் நோம்பின்னா ஊட்டுக்கு ஊடு கெடா வெட்டி, ஒறம்பரை சொந்தபந்தமெல்லாம் கூப்புட்டு, எலும்ப உறிஞ்சற சத்தம் ரோடு வரைக்கும் கேக்கும். நீங்க அந்த ஊட்டு வாசப்படிய மிதிச்சிருந்தா பட்டினின்னு சொல்லுவீங்களா? பட்டினி கெடந்தது அந்தக் கெடா மட்டும்தான் சார்."

அன்பரசின் முகத்தில் இருந்த கும்பகோணம் முழுக்க வடிந்து போயிற்று. தனசேகருக்கு அந்த நிமிஷம் தித்தித்தது. திருடன் அகப்பட்டான் என்பதைவிட, கோகிலவாணி இனி இவனைப் பார்த்துச் சிரிக்க மாட்டாள் என்பதுதான் அதிகம் தித்தித்தது. கை அதற்குள் போனை எடுத்துவிட்டது. "போலீசுக்குச் சொல்லிரலாமுங்களா மேடம்?"

"பொறுங்க" என்றாள் அவள். "அன்பரசு, எங்க போயிருந்தீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சேலம், மேடம். ஒரு காலேஜ்ல இன்டர்வியூ. இங்க சேர்ந்து வருஷம்கூட ஆகலை, அதுக்குள்ள வேற வேலை தேடறேன்னு சாருக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவார். வேணும்னா அங்க கேட்டுப் பாருங்க."

கேட்டாள். நோம்பியன்று பகல் முழுக்க அன்பரசு அங்கேதான் இருந்தான் என்று அந்தக் கல்லூரியிலிருந்து ஒரு அம்மாள் சொன்னார். கூடவே, பையன் நன்றாகப் பேசினான் என்றும் சொன்னார். அதைத் தனசேகர் கேட்டிருக்க வேண்டியதில்லை, ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அப்புறம் பேராசிரியர் ஊட்டுல இருந்தேன்னு ஏன் பொய் சொன்னீங்க?" என்றாள் கோகிலவாணி.

"நானா சொல்லலை மேடம். கடிகாரம் காணோம்னு தெரிஞ்சதும் சாரே வந்தார். 'நீ எங்க ஊட்டு நோம்பியில இருந்தேன்னு சொல்லிட்டேன் தம்பி, நீயும் அதையே சொல்லிரு, உனக்கு வம்பு வேண்டாம்'னார். எனக்கும் வசதியா இருந்தது. நல்ல மனுஷன்னு நெனச்சுக்கிட்டேன்."

கோகிலவாணி எழுந்தாள்.

"தனசேகரு, ஒருத்தருக்குக் கொடை புடிக்கறேன்னு ஒருத்தர் நின்னாரு. நாம கொடைக்குள்ள இருந்த ஆளையே பாத்துட்டிருந்தோம். புடிச்ச ஆளும் அதே கொடைக்குள்ளதான் நின்னாரு."

அன்பரசு அந்த வீட்டில் இல்லை என்றால், அவனை விட்டு நகரவே இல்லை என்று சொன்னவர் மட்டும் அங்கே இருந்தார் என்பதற்கு யார் சாட்சி? தனசேகர் போனைச் சட்டைப் பையில் போட்டான். வெட்கமாக இருந்தது. பொறாமை கண்ணை மறைத்திராவிட்டால் அவனுக்கே இது உறைத்திருக்கும்.

"ஆனா ஏனுங்க மேடம்? அவரு மியூசியத்துல அவரே எதுக்குத் திருடோணும்?"

"அவரு பதில் சொல்லிட்டாரே. செருப்புன்னு."

தேவிப்ரியா வராந்தாவில் தூணோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். கோகிலவாணி அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பேராசிரியர் ஆட்களுக்குச் சுற்றிக் காட்டினால் எப்படி இருக்கும்?

தேவிப்ரியா தயங்கினாள். "ஐயாவுக்குத் தெரியாதது இல்லீங்க. ஆனா பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாருங்க. சனங்க ஒவ்வொருத்தரா நைசா வெளிய போயிருவாங்க. வாசல்ல செருப்பத் தேடி மாட்டற சத்தம் உள்ள வரைக்கும் கேக்குமுங்க. கடைசியில ஐயாவும் அந்தப் பீங்கான் தலையும்தான் மிஞ்சுவாங்க."

"இப்ப?"

"இப்ப வர்றவங்க கதவுலயே கேக்கறாங்க." குரல் இறங்கியது. "'அந்த அம்மிணி இருக்குதுங்களா'ன்னு. நாளைக்குக் குழுவுக்கும் நானே செஞ்சு காட்டோணும்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஐயா பக்கத்துலதான் நின்னுட்டிருந்தாரு."

யாரோ தனசேகரின் வயிற்றைக் கத்தியால் கீறித் திறந்து காட்டியது போல் இருந்தது. எத்தனை வருஷம் வாய் வலிக்கப் பேசியும் சிரிக்காத ஒருத்தி, எவனோ ஒருவனின் அரைகுறை ஜோக்குக்குச் சிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். காலையிலிருந்து தெரியும்.

கோகிலவாணி அவன் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க தனசேகரு. வயித்தெரிச்சல் புடிச்ச ஆளு எடுத்த பொருள எங்க வெப்பான்? இன்னைக்கு உங்களத் தவிர வேற ஆரக் கேக்கறது?"

கவனித்திருக்கிறாள். எல்லாவற்றையும் கவனித்திருக்கிறாள். தனசேகருக்குக் காது சூடாயிற்று. ஆனாலும் பாம்பின் கால் பாம்பறியும். அவன் நேர்மையாகவே சொன்னான்.

"கெணத்துல வீச மாட்டானுங்க. விக்க மாட்டான். பக்கத்துலயே வெச்சுக்குவான். கதவச் சாத்திட்டு, நான் செஞ்சா மட்டும் என்ன கொறச்சல்னு ஒருக்கா செஞ்சு பாப்பான்."

"தனியாவா?"

தனசேகர் விரலை மடக்கினான். "முடியாதுங்களே. சொல்லு சொல்ல ஒருத்தர், பதில் சொல்ல ஒருத்தர். ரெண்டு பேரு வேணும்."

"அவரு ஊட்டுல அவருகூட ஆரு இருக்கறது?"

நாச்சிமுத்துவின் வீடு தோட்டத்துக்குள் இருந்தது. அவர் மனைவி பூவாத்தாள் வாசலில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தார். காரிலிருந்து இறங்கிய கோகிலவாணி வணக்கம் வைக்கவில்லை, பேர் சொல்லவில்லை. நேராகப் போய் நின்று, "கெணறு" என்றாள்.

"தண்ணி" என்றார் பூவாத்தாள், வடகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மாடு."

"சாணி."

"மாமியா."

"செத்துப்போச்சு." அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஆருங்க கண்ணு?"

கோகிலவாணி சிரித்தாள். அடக்க முடியாமல், தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தனசேகர் மனதுக்குள் பூவாத்தாளையும் பொறாமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டான். ஆனால் விஷயம் அவனுக்கும் புரிந்துவிட்டது. முன்பின் தெரியாதவள் வாசலில் வந்து கிணறு என்றால், கொங்கு நாட்டில் எந்தப் பொம்பளையும் "ஏனுங்க, கெணத்துக்கு என்ன?" என்றுதான் கேட்பாள். தண்ணி என்று சொல்ல வேண்டுமானால் வீட்டில் யாரோ பழக்கியிருக்க வேண்டும்.

"உங்க ஊட்டுக்காரரு தினமும் கேக்கறாருங்களா?"

"அத ஏன் கேக்கறீங்க சாமி. நோம்பி முடிஞ்சதுலருந்து இதே ரோதனைதான். ரிப்பேரு பண்றதுக்குன்னு ஒரு பித்தளை மிஷினத் தூக்கியாந்து தவுட்டு மூட்டைக்குப் பொறகால வெச்சிருக்காரு. பொழுதன்னிக்கும் என்னைய உக்கார வெச்சுச் சொல்லுங்கறாரு. நான் சிரிக்கோணுமாமா. சிரிப்பு வந்தாத்தானுங்க சிரிக்க?"

சாப்பாட்டுக்கு வந்த நாச்சிமுத்து, வீட்டு முன்கூடமான ஆசாரத்துக் கட்டிலின் மேல் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில், கோகிலவாணி வரவழைத்திருந்த தேவிப்ரியா நின்றிருந்தாள். அவர் மறுக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒறம்பரைக் கூட்டத்துல என்னைய ஆரும் தேடலீங்க. போய் எடுத்துட்டு வந்துட்டேன். நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அது இல்லாம இருக்கட்டும், நான் பேசறத அவங்க கேக்கட்டும்னு நெனச்சேன், அவ்வளவுதான். ஆரு எடுத்திருப்பாங்கன்னு மியூசியத்துக்குப் பணம் குடுக்கற டிரஸ்ட்டுல கேட்டாங்க. அந்தப் புள்ள பேரு வாயில வந்துருச்சு." தேவிப்ரியாவைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. "ஒரு நொடிகூடத் தடுமாறல அம்மிணி. அதுதான் எனக்கே பயமாப் போச்சு."

பூவாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தனசேகருக்கு அந்த மனிதர்மேல் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று முயன்றும் வரவில்லை.

"நாளைக்குக் கடிகாரம் கெடச்சிருச்சுன்னு சொல்லிர்றேன் சாமி" என்றார் நாச்சிமுத்து, தேவிப்ரியாவிடம். "எங்கியோ மாத்தி வெச்சுட்டேன்னு சொல்லிர்றேன். வயசாயிருச்சு, மறந்துட்டேன்னா நம்புவாங்க. மியூசியத்த வேணும்னாலும் உம்பேருக்கே எழுதி வெச்சர்றேன்."

தேவிப்ரியாவின் குரல் உடையவில்லை.

"எங்கப்பா தறிக்கூடத்துக்குப் போறதில்லீங்கய்யா. திருடியோட அப்பான்னு ஒருத்தன் சொல்லிட்டானாம், ஊட்டுலயே உக்காந்திருக்காரு. எனக்கு மியூசியம் வேண்டாமுங்க. நாளைக்கு எல்லாரும் வருவாங்க. எங்கப்பாவையும் வரச் சொல்றேன். என்ன நடந்துச்சோ அத அவங்க முன்னால நீங்களே சொல்லுங்க. மறந்துட்டேன்னு சொல்லாதீங்க."

"கூட்டத்துலயா?" என்றார் அவர்.

"கூட்டத்துலதானுங்க."

மறுநாள் காலை காட்சிக்கூடம் நிறைந்துவிட்டது. பல்கலைக்கழகக் குழு முன்வரிசையில். டிரஸ்ட்டுக்காரர்கள், லாரி பட்டறை ஆட்கள், வேனில் வந்த ஆட்டையாம்பட்டிப் பெண்கள். கடைசியில் சுவரோரமாக ஜலகண்டாபுரத்திலிருந்து வந்த ஒரு மெலிந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், தேவிப்ரியாவின் அப்பா. நாச்சிமுத்து கடிகாரத்தின் பக்கத்தில் போய் நின்றபோது, பழக்க தோஷத்தில் இரண்டு பேர் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள்.

அவர் வரலாறு எதையும் தொடவில்லை. "இதத் திருடுனது நான்" என்று ஆரம்பித்தார். கதவுப் பக்கம் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஏன் திருடினார், எங்கே வைத்தார், யார் பேரைச் சொன்னார், அந்தப் பேரைச் சொல்லும்போது மனசுக்குள் எவ்வளவு இனித்தது, எல்லாம் சொன்னார். தேவிப்ரியாவின் பேச்சுக்குக் கூட்டம் சிரித்தால் தனக்கு எங்கே வலிக்கும் என்றுகூடச் சொன்னார். சொல்லித் தேவிப்ரியாவின் அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் பதிலுக்குக் கும்பிடவில்லை, ஆனால் கட்டியிருந்த கையை எடுத்துவிட்டார்.

அத்தனை நேரமும் வாசலில் ஒரு செருப்புச் சத்தம் கேட்கவில்லை. தனசேகர்கூட வாய் திறக்கவில்லை.

அவர் பேசி முடித்து இறங்கப் போனபோது பட்டறை ஆள் ஒருவர் பின்னாலிருந்து கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, மெய்யாகவே கேட்டார்.

"ஏனுங்கய்யா, இத்தன நாளும் இப்படிப் பேசியிருந்தீங்கன்னா நாங்க ஏனுங்க எந்திரிச்சுப் போறோம்?"